வெயிலுக்கு முந்தி

திருச்சியில் மே மாதம் காவிரியில் தண்ணீர் இருக்காது. ஜனவரி 28-இல் மேட்டூர் அணையை மூடினால் ஜூன் 12-இல்தான் திறப்பது என்பது பாசனக் கணக்கு. மழை பொய்த்த வருஷங்களில் அந்தத் தேதியும் தள்ளிப்போகும். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விடுவதும் இந்த இடைவெளியில்தான். ஆறு ஓடும்போது நாங்கள் வகுப்பில் இருப்போம். நாங்கள் வீட்டில் இருக்கும்போது ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் ஐயோ பாவம் என்பார்கள். எங்களுக்கோ வருஷத்திலேயே பெரிய விளையாட்டு மைதானம் அப்போதுதான் திறந்துகிடக்கும், கரையிலிருந்து கரை வரைக்கும்.

எங்கள் வீடு பாலக்கரையில். அப்பாவுக்குப் பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வாரத்தில் ஒரு நாள் லீவு. நின்றே தேய்ந்த கால்களை அன்றைக்குத்தான் நீட்டுவார். ஊட்டியும் கொடைக்கானலும் எங்களுக்குக் காலண்டரில் மாட்டியிருந்த படங்கள். மே பிறந்தால் கரூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் சித்தப்பா வீட்டு, மாமா வீட்டுப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். ஒரு கூடம், ஒரு மின்விசிறி, அதன் கீழே வரிசையாகப் பாய். அத்தனை பேரையும் நாள் முழுக்க அடக்கி வைப்பது அம்மாவால் ஆகிற காரியமில்லை. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அந்தப் பொறுப்பைத் தானாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அத்தை சத்துணவு அமைப்பாளர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில். கொஞ்ச காலத்திலேயே அத்தை வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் மூடினால் அவருக்கும் ஓய்வு. எத்தனை பிள்ளைக்கு எத்தனை படி அரிசி, எவ்வளவு புளி, யார் இரண்டாம் தடவை கேட்பார்கள் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். கட்டுச்சோற்று மூட்டையில் ஒரு பிடி மீந்ததும் இல்லை, யாருக்கும் குறைந்ததும் இல்லை.

எங்கே போகலாம் என்று ஆளுக்கொரு பக்கம் கத்துவோம். அத்தை அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். “எங்க போறதுங்கிறது இருக்கட்டும். எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, அதைச் சொல்லுங்க” என்பார். அவர் கணக்கில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் செலவு பஸ்ஸுக்கு மட்டுந்தான். நேரம் தப்பினால் நிழலையும் தண்ணீரையும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும், பிள்ளைகள் அழும், பெரியவர்கள் எரிந்துவிழுவார்கள். குடும்பத்தோடு கோடையில் கிளம்புவதைப் பற்றி இதைவிடப் பயனுள்ள எதையும் எனக்கு வேறு யாரும் சொல்லித்தரவில்லை.

மலைக்கோட்டைக்கு விடியற்காலை. இருட்டோடு எழுப்பி, முகம் கழுவவைத்து, பாலக்கரையிலிருந்து நடத்தியே கூட்டிப்போவார். கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால் நானூறுக்கும் மேற்பட்ட படிகள். முதல் பாதி பாறையைக் குடைந்த வழி. வெளியே எவ்வளவு புழுங்கினாலும் அங்கே கல் குளிர்ந்திருக்கும். சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டே ஏறுவோம். தாயுமானவர் சன்னதியில் சுகப்பிரசவம் ஆனவர்கள் நேர்ந்துகொண்ட வாழைத்தாரோடு நிற்பார்கள், அதில் ஆளுக்கொரு பழம் எங்களுக்குக் கிடைத்துவிடும். அதற்கும் மேலே மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்த குகை. கங்கையைச் சடையில் தாங்குகிற சிவன் அங்கே சுவர் நிறைய நிற்கிறார். அத்தை அந்தச் சிற்பத்தை எங்களுக்கு விளக்கியதில்லை. அங்கே காற்று நன்றாக வரும் என்பதால் உட்காரவைத்தார். உட்கார்ந்ததால் நாங்கள் பார்த்தோம்.

உச்சிப்பிள்ளையாரைச் சுற்றி வந்து வடக்கே பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும். காவிரி, அதைத் தாண்டித் தென்னை, அதற்கு நடுவில் ஸ்ரீரங்கம். நூற்றாண்டுக் கணக்கில் அடித்தளத்தோடு மொட்டையாக நின்ற ராயகோபுரத்தை அப்போது கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோடைக்கும் சாரம் உயர்ந்திருக்கும். போன வருஷம் எதுவரைக்கும் இருந்தது என்று எங்களுக்குள் சண்டை வரும். 1987 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. அந்த மே மாதம் மேலேறிப் பார்த்தபோது சாரமே இல்லை. 13 நிலை, 236 அடி, முழுசாக நின்றது. ஒரு கோபுரம் வளர்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள் என்ற பெருமை எனக்கு இன்னும் உண்டு.

எட்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும். ஒன்பது, பத்துக்கு ஏறுகிறவர்கள் மேலே வெட்டவெளிப் பாறையில் கால் வைக்க முடியாமல் துள்ளுவதைத் தெப்பக்குளத்துப் பக்கம் இட்லி தின்றுகொண்டே பேசிச் சிரிப்போம்.

கல்லணைக்குச் சாயங்காலம். மூன்று மணி வாக்கில் திருவானைக்கோவில் வழியாகப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால் திருவளர்ச்சோலை, உத்தமர்சீலி என்று இரண்டு பக்கமும் வாழைத்தோப்பாகவே வரும். தண்ணீர் இல்லாத காலத்தில் கல்லணையில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் வந்தால் கூட்டமும் பஜ்ஜியும் இருக்கும், அணை இருக்காது. அது நுரைக்குக் கீழே போய்விடும். கோடையில்தான் கரிகாலன் போட்ட அணை எப்படி வளைந்து வளைந்து கிடக்கிறது என்று தெரியும். ஆயிரம் அடிக்கு மேல் நீளம். ஆற்று மணலில் பெருங்கற்களைப் போட்டு, அவை புதையப் புதைய மேலே அடுக்கி எழுப்பிய வேலை அது. பாலத்தின் மேல் நின்று நாலு படுகைகளையும் விரலால் காட்டவேண்டும், கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு. சரியாகச் சொன்னவர்களுக்கு முதல் நுங்கு. தஞ்சாவூர் சோறு எங்கே பிரிகிறது என்று எனக்கு ஐந்தாம் வகுப்புப் புத்தகத்துக்கு முன்னாலேயே தெரியும்.

ஆனால் அந்த நாட்களில் எதை மறுபடி கேட்பாய் என்றால் நான் ஆற்று மணலைத்தான் கேட்பேன்.

ஐந்தரை மணிக்கு மேல் கிளம்பி, ஓடத்துறைப் பக்கம் இறங்குவோம். மேல் மணல் அப்போதும் சுடும். செருப்பைக் கழற்றி, காலைக் கொஞ்சம் உள்ளே அழுத்தினால் நாலு விரற்கடைக்குக் கீழே குளிர்ச்சி. சற்றுத் தள்ளி, நடு ஆற்றுக்குப் போய், அத்தை இடம் பார்ப்பார். கோரை கொஞ்சம் பச்சையாக இருக்கிற தாழ்வான இடமாகப் பார்த்து, “இங்க தோண்டுங்க” என்பார்.

ஊற்று தோண்டுவதற்கு அவசரம் ஆகாது. முதலில் வெளிர் மணல் வரும். அது சரிந்து சரிந்து குழியை மூடும். அகலமாகத் தோண்டினால்தான் ஆழமாகப் போகமுடியும் என்பது ஒவ்வொரு வருஷமும் சின்னப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தெரியவரும். முழங்கை ஆழத்தில் மணலின் நிறம் மாறும். பிடித்தால் பிடி நிற்கும். அப்புறம் நகக்கண்ணில் ஈரம் தங்கும். அப்போது யாராவது ஒருவர் கூச்சல் போடுவார். குழியின் அடியில், பக்கத்திலிருந்து, சத்தமே இல்லாமல் தண்ணீர் கசிந்து வட்டமாக நிற்கும். அது கலங்கல். அதைக் குடிக்கக் கூடாது. சிரட்டையால் இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருக்கவேண்டும். மறுபடி ஊறும், மறுபடி இறைக்கவேண்டும். கலங்கல் தெளியத் தெளிய அடியில் மணல் துகள்கள் குதிப்பது தெரியும். அதற்குப் பிறகுதான் அத்தை சொம்பை எடுப்பார், வெள்ளைத் துணியை வாயில் கட்டி மொள்வார். முதல் சொம்பு குழி தோண்டியவர்களுக்கு இல்லை. கூட்டத்தில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கு. அந்தத் தண்ணீரின் ருசியை எந்தக் குளிர்பானப் பெட்டியிலும் நான் கண்டதில்லை.

அதற்குள் இருட்டிவிடும். மணலில் விழுந்தால் அடிபடாது என்பதால் கிளித்தட்டு மூர்க்கமாக நடக்கும். வாழையிலையில் புளிச்சோறு, பிறகு மாவடுவோடு தயிர்சோறு. அத்தை நடுவில் உட்கார்ந்துகொண்டு உருட்டி உருட்டிக் கையில் போடுவார். தட்டு கிடையாது, கழுவ வேண்டியதும் இல்லை. பாலத்தில் சென்னைக்குப் போகும் ராத்திரி ரயில் தடதடத்துக்கொண்டு போகும். எல்லோரும் எழுந்து கையாட்டுவோம். சில நாள் அப்பா கடை அடைத்துவிட்டு நேரே அங்கே வந்துவிடுவார். சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்து மணலில் மல்லாந்து படுப்பார். வீட்டில் அவ்வளவாகப் பேசாதவர் அங்கே பேசுவார். சின்ன வயதில் ஆற்றை நீந்திக் கடந்தது, தாத்தா திட்டியது, கடையில் அன்றைக்கு வந்த மணப்பெண் புடவை தேர்ந்தெடுத்த கதை, எல்லாம் அங்கேதான் கேட்டோம். திரும்பும்போது மாம்பழச்சாலையில் அழுகல் ஒதுக்கிய பழத்தைக் கூறு விலைக்கு வாங்கிக்கொள்வோம்.

அந்த மணலை இப்போது என் பிள்ளைகளுக்குக் காட்ட முடியவில்லை. லாரி லாரியாக அள்ளிப் படுகையே இறங்கிவிட்டது. பல இடங்களில் கருவேலமும் கோரையும் மண்டிக் கிடக்கின்றன. ஊற்றுக்கு இடுப்பளவு தோண்டினாலும் நிச்சயமில்லை. அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் வரும்போது பிள்ளைகளை இறக்கவும் பயம். ஒரு ஊரின் ஏழைப்பட்ட குடும்பங்களுக்கு இலவசமாக இருந்த ஒரே கடற்கரை அது. அதை விற்றுத் தின்றுவிட்டோம் என்ற கோபம் எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். இப்போது சாயங்காலக் காற்றுக்கு ஊர் காவிரிப் பாலத்தின் நடைபாதையில்தான் வந்து நிற்கிறது. சுண்டல் பொட்டலத்தோடு நாங்களும் நின்றிருக்கிறோம். காற்று அதே காற்றுதான். கால் மட்டும் சிமெண்டில்.

தஞ்சாவூர் ஒரு முழு நாள் வேலை. அதற்கு அத்தை போட்ட திட்டத்தை இன்றுவரை நான் மாற்றவில்லை. காலை பாசஞ்சரில் திருவெறும்பூர், சோளகம்பட்டி, பூதலூர், ஆலக்குடி என்று நின்று நின்று போகவேண்டும். பிள்ளைகளுக்கு அந்த நிற்றல்கள்தான் பயணம். ஐந்து வயதுக்குள் டிக்கெட் இல்லை, பன்னிரண்டு வரைக்கும் அரை டிக்கெட். கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரிலும் எக்ஸ்பிரஸ் கட்டணம் வாங்கினார்கள், குறைந்தபட்சமே 30 ரூபாய். 2024-இல் அது பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியபோது எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். நாலைந்து டிக்கெட் எடுக்கிற குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாடு.

ரயிலை விட்டு இறங்கியதும் எல்லோரும் பெரிய கோயிலுக்கு ஓடுவார்கள். அத்தை எங்களை அரண்மனைக்கு இழுத்துப்போவார். பெரிய கோயில் மதியம் நடை சாத்தியிருக்கும், சாத்துவதற்கு முன்னால் போனாலும் முற்றத்துக் கருங்கல் தோசைக்கல். பகல் பன்னிரண்டுக்குத் தஞ்சாவூரில் குளிர்ச்சியான இடம் அரண்மனையின் தடித்த சுவருக்குள்தான். அங்கே கலைக்கூடத்தில் இருக்கும் ஒரு செப்புத் திருமேனி எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சொத்து. திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர், 1011-இல் செய்தது. சடையையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி வைத்து, வலது முழங்கையைச் சற்றே மடக்கி எதன் மேலோ சாய்ந்து நிற்கிறார். சாய்ந்துகொள்ள அங்கே ஒன்றுமில்லை. காளை காணோம்.

“மாடு எங்கத்தே?” என்று கேட்டது என் தம்பி.

“மேய்ச்சலுக்குப் போயிருக்கும். நீ நில்லு, வந்தா சாஞ்சுக்கலாம்” என்றார் அத்தை.

அன்றைக்கு அவன் அந்தச் சிலைக்கு முன்னால் அதே மாதிரி நிற்கப் பார்த்தான். ஒன்றின் மேலும் சாயாமல் சாய்ந்தது மாதிரி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோரும் முயன்று பார்த்துத் தெரிந்துகொண்டோம். இடுப்பு ஒடிகிறது, முழங்கை நடுங்குகிறது. அவர் ஆயிரம் வருஷமாகப் புன்னகையோடு நிற்கிறார். என் பிள்ளைகளையும் அங்கே நிற்கவைத்தேன். கலைக்கூடத்தின் காவலர் முதலில் முறைத்தார், அப்புறம் மகளின் முழங்கையை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொன்னார். சோழச் செப்புத் திருமேனிகளைப் பற்றிப் பிறகு எத்தனையோ படித்தேன். அந்த முழங்கை சொல்லித்தந்ததை எதுவும் தரவில்லை.

அரண்மனை வளாகத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் உண்டு. சுமார் 90 அடி. கடலே இல்லாத ஊரில், மராட்டிய ராஜா மாளிகையில், தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு டவுன் பஸ்ஸை நிறுத்தலாமா என்று பிள்ளைகள் அளந்து பார்ப்பார்கள்.

நாலு மணிக்கு மேல் பெரிய கோயில். அப்போதும் நடைபாதையில் விரித்திருக்கும் விரிப்பு மேலேயே நடக்கவேண்டும். ஆறு மணிக்குக் கல் நம்மோடு சமாதானத்துக்கு வரும். ராஜராஜன் 1010-இல் முடித்த விமானத்தின் மேல் சாய்வெயில் ஏறிக்கொண்டே போய், கடைசியாகக் கலசத்தில் நின்று, அணையும். அதுவரைக்கும் வடக்குப் பக்கப் புல்வெளியில் உட்கார்ந்திருப்போம். பகலெல்லாம் வெயில் குடித்த தரை இருட்டிய பிறகும் கதகதவென்று இருக்கும். சின்னப் பிள்ளைகள் அதிலேயே தூங்கிவிடுவார்கள். எங்களைச் சுற்றி ஊர்ப்பட்ட குடும்பங்கள், எல்லோர் கையிலும் ஒரு தூக்குவாளி. நுழைவுக் கட்டணம் இல்லாத இடம் அது. அதனால்தான் அத்தனை பேரும் அங்கே வீட்டு முற்றத்தில் உட்காருகிற உரிமையோடு உட்காருகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தரங்கம்பாடிக்கு நாங்கள் போனது கொஞ்சம் பெரியவர்களான பிறகு. மாயவரத்தில் தூரத்து உறவில் ஒரு சித்தி வீடு கிடைத்ததால் சாத்தியமாயிற்று. ராத்திரி அங்கே படுத்து, முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழி. திருக்கடையூர் வரைக்கும் பஸ் முழுக்க அறுபதாம் கல்யாணத்துக்குப் போகிற கூட்டம், பட்டுப்புடவையும் மாலையும் மல்லிகை வாசனையுமாக; அங்கே அத்தனை பேரும் இறங்கிவிட்டால் மிச்சம் நாங்களும் மீன்கூடைக்காரப் பெண்களும். விடியும் நேரத்துக்குக் கடலோரம் போய்விடலாம். டேனிஷ்காரர்கள் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கட்டிய கோட்டை கிழக்கே கடலைப் பார்த்து நிற்கிறது. முதல் வெயில் அதன் மங்கிய மஞ்சள் சுவரில் விழும்போது நாம் மணலில் இருக்கவேண்டும். பத்து மணிக்கு வருகிறவர்களுக்கு அது வெறும் பழைய கட்டடம். பக்கத்தில் மாசிலாமணிநாதர் கோயில், முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. ராஜா தெருவில் நடந்தால் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு கட்டிய தேவாலயம். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டது இந்தத் தெருக்களில்தான். வெயில் ஏறுவதற்குள் எல்லாம் நடை தூரம்.

போன வருஷம் நான் என் வீட்டாரோடு போனபோது மகன் கோட்டையைக் கவனிக்கவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் போய், தஞ்சாவூரில் இருக்கிற திமிங்கிலம் எந்த இடத்தில் ஒதுங்கியது என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவர் வேலையை நிறுத்திவிட்டு, தான் பிள்ளையாக இருந்தபோது தன் அப்பா சொன்னதாக ஒரு பக்கம் கையைக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர், “இல்லை, அந்தப் பக்கம்” என்றார். இருவருக்கும் வாக்குவாதம் வலுத்தது. பையன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு ஆளுக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் கொடுத்துப் போயிருந்தால் இப்படி ஒரு கேள்வி கேட்க அவனுக்கு அங்கே ஆள் இருந்திருக்காது. அந்தப் பூங்காக்களையும் நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் கேட்டால் எப்போதாவது கூட்டிப்போகிறோம். ஒரு தடவை அங்கே போகிற காசில் கோடை முழுக்க இப்படிச் சுற்றலாம் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு இப்போது இன்னும் சுலபமாகிவிட்டது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கல்லணைக்குப் போனால் அத்தை, நான், மகள் மூன்று பேருக்கும் காசில்லா டிக்கெட். கணவரும் மகனும் மட்டும் வாங்குகிறார்கள். அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. மலைக்கோட்டை ஏற முடியாது என்றாலும் பஸ்ஸில் ஜன்னலோரம் என்றால் வந்துவிடுவார். புளிச்சோறு இன்னும் அவர் கிளறுவதுதான்.

இந்தத் தடவை மகன் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அரியலூர் மாவட்டம், திருச்சியிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி அங்கே வருகிறது என்று எங்கேயோ படித்துவிட்டான்.

“எப்ப போகணும்ங்கிற?” என்றார் அத்தை.

“நாளைக்கே, அத்தைப்பாட்டி.”

“மே மாசம் ஏரி காஞ்சு கெடக்கும். வாத்து அது ஊருக்குப் போயிருக்கும். அரைப் பரீட்சை லீவுல, மார்கழியில, விடியக்காலம் போகணும். ஸ்வெட்டர் இருக்கான்னு உங்கம்மாவைக் கேளு.”

ஸ்வெட்டர் இல்லை. திருச்சியில் அதற்கு வேலை வந்ததே இல்லை. தீபாவளிக்கு அப்புறம் எடுக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.